உள்ளேன் ஐயா: கெர்னல் அப்டேட்டுக்கு அப்புறம் போர்டு ஏன் எழுந்திருக்க மாட்டேங்குது?

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். உங்க லேப்டாப்ல உபுண்டு இருக்கு. வருஷத்துக்குப் பல தடவை கெர்னல் அப்டேட் வருது. ரீபூட் பண்றீங்க, எழுந்திருக்குது. அதுல யோசிக்கக்கூட ஒண்ணும் இல்ல. ஆனா அதே அப்டேட்டை ஒரு ராஸ்பெர்ரி பையிலயோ, பீகிள்போன்லயோ, ஆரஞ்ச் பையிலயோ போடும்போது மட்டும் என்டர் தட்டுறதுக்கு முன்னாடி கை ஏன் ஒரு நொடி நிக்குது?

அந்தத் தயக்கம் நியாயமானதுதான். ரீபூட் கொடுத்தபின் சிவப்பு லைட் எரியும், பச்சை லைட் அசையாது, நெட்வொர்க்கில் ஆளே இல்லை. "போர்டு செத்துப்போச்சு" என்று முடிவு கட்டி டிராயரில் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறவர்கள் நிறைய பேர். பெரும்பாலும் அது சாகவில்லை. எங்கேயோ ஒரு இடத்தில் நின்றுபோயிருக்கிறது. எந்த இடம் என்று கண்டுபிடிக்க, அந்த போர்டு எப்படி எழுந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். ஏன் அப்படி எழுந்திருக்கிறது என்பதற்குப் பின்னால் நாற்பது வருஷத்துக் கதை இருக்கிறது. முதலில் கதை, அப்புறம் ரிப்பேர்.

வருகைப் பதிவேடு

கெர்னலை ஒரு வகுப்புக்கு வரும் புது வாத்தியாராக நினைச்சுக்கோங்க. உள்ளே நுழைந்ததும் அவர் செய்யும் முதல் வேலை அட்டெண்டன்ஸ். யார் யார் இருக்கீங்க, எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கீங்க என்று தெரிந்தால்தான் பாடம் நடத்த முடியும்.

பிசி உலகத்தில் இது சுலபம். 1981-இல் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. சீக்கிரமே காம்பேக் போன்ற நிறுவனங்கள் அதை அப்படியே நகலெடுக்க ஆரம்பித்தன. நகல் விற்க வேண்டும் என்றால் ஐபிஎம்மில் ஓடும் மென்பொருள் இதிலும் ஓடியாக வேண்டும். அதனால் எல்லோரும் ஒரே மாதிரி பயாஸ், ஒரே மாதிரி முகவரிகள் என்று ஒரு ஒழுங்குக்குள் வந்தார்கள். யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. சந்தை போட்ட திட்டம் அது.

1992-இல் இன்டெல் பிசிஐ பஸ்ஸைக் கொண்டுவந்தது. அதில் செருகுகிற ஒவ்வொரு கார்டும், தன்னைத் தயாரித்த கம்பெனியின் எண்ணையும் தன் எண்ணையும் சுமந்துகொண்டு வரும். கேட்டால் சொல்லும். இன்டெல்லின் எண் 8086. அவங்க பழைய பிராசசரோட பேரு, ஞாபகமா வச்சிருக்காங்க பாருங்க. 1996-இல் ஏசிபிஐ என்ற தரம் வந்தது. பஸ்ஸில் இல்லாத மற்ற சாமான்களின் விவரத்தையும் ஃபர்ம்வேரே ஒரு பட்டியலாகக் கெர்னலிடம் கொடுத்துவிடும்.

ஆக, பிசியில் வாத்தியார் உள்ளே வந்து பெயரைக் கூப்பிட்டால் ஒவ்வொருவரும் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்பார்கள். வாத்தியார் மாறினாலும், அதாவது கெர்னல் மாறினாலும், பிரச்சினை இல்லை. மாணவர்கள் திரும்பவும் பதில் சொல்வார்கள்.

யாரும் பதில் சொல்லாத வகுப்பு

இப்போ ஆர்ம் பக்கம் வருவோம். 1985 ஏப்ரலில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் கம்பெனிக்கு முதல் ஆர்ம் சிப் கையில் கிடைத்தது. வடிவமைத்தவர்கள் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர். 1990-இல் ஆர்ம் தனிக் கம்பெனி ஆனது. அது சிப் விற்கவில்லை, சிப்பின் வடிவமைப்பை லைசென்ஸுக்கு விற்றது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கியது, பிராட்காம் வாங்கியது, சாம்சங் வாங்கியது, சீனாவின் ஆல்வின்னர் வாங்கியது. எல்லோரும் நடுவில் ஒரே ஆர்ம் கோரை வைத்துவிட்டு, சுற்றிலும் தங்களுக்குப் பிடித்த மாதிரி டைமர், யூஏஆர்டி, எஸ்டி கார்டு கன்ட்ரோலர் எல்லாவற்றையும் நட்டார்கள். பிசியில் நகலெடுக்க ஒரு ஐபிஎம் இருந்தது. இங்கே அப்படி ஒரு மூலப்பிரதியே கிடையாது.

இதில் முக்கியமான விஷயம், இந்தச் சாமான்கள் வாய் திறக்காது. சிப்புக்குள் பதிந்திருக்கும் ஒரு யூஏஆர்டி, "நான் இந்த முகவரியில் இருக்கிறேன்" என்று தானாகச் சொல்லாது. தவறான முகவரியைத் தொட்டால் "தவறு" என்றுகூடச் சொல்லாமல் மொத்தச் சிஸ்டமும் உறைந்து போகலாம். வாத்தியார் பெயர் கூப்பிடுகிறார், வகுப்பே மௌனம்.

லினக்ஸ் 1991-இல் பிறந்தபோது அதை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே, இது இன்டெல் 386-ஐ நம்பி எழுதியது, வேறு மெஷினுக்குப் போகாது என்றுதான் அறிவித்தார். 1994-இலேயே ரஸ்ஸல் கிங் என்ற பிரிட்டிஷ்காரர் அதை ஏகார்ன் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோக ஆரம்பித்துவிட்டார். ஆர்ம் லினக்ஸின் தொடக்கம் அது. மௌனமான வகுப்பை அந்த உலகம் எப்படிச் சமாளித்தது? ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு எண். ரஸ்ஸல் கிங்கின் பதிவேட்டில் பதிந்து எண் வாங்க வேண்டும். பூட்லோடர் அந்த எண்ணை ஆர்1 என்ற ரெஜிஸ்டரில் வைத்துவிட்டுக் கெர்னலுக்குள் குதிக்கும். கெர்னல் எண்ணைப் பார்த்து, "ஓ, இந்த போர்டா" என்று தனக்குள் இருக்கும் ஒரு சி ஃபைலைப் பிடிக்கும். அந்த போர்டில் என்னென்ன எங்கெங்கே இருக்கிறது என்று அந்த ஃபைலில் எழுதியிருக்கும்.

அதாவது, வருகைப் பதிவேடு வாத்தியாரின் மண்டைக்குள் இருந்தது. புது வகுப்பு வந்தால் வாத்தியாருக்குத் திரும்பவும் மனப்பாடம் செய்ய வைக்க வேண்டும்.

2011 மார்ச்: போதும்டா சாமி

2000-களில் ஸ்மார்ட்போன் அலை அடித்தது. மாசம் ஒரு சிப், சிப்புக்குப் பத்து போர்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சி ஃபைல். ஒருவர் எழுதியதைப் பக்கத்துக் கம்பெனி பார்க்கவே இல்லை. ஒரே கடிகார வன்பொருளுக்கு நாலு கம்பெனி நாலு விதமாக எழுதின. ஒரு போர்டுக்காகக் கட்டின கெர்னல் இன்னொரு சிப்பின் போர்டில் ஓடாது.

2011 மார்ச்சில் லினஸ் பொறுமை இழந்தார். ஆர்ம் பக்கமிருந்து வந்து குவியும் மாற்றங்களைப் பார்த்து, கெர்னல் மெயிலிங் லிஸ்டில் வெளிப்படையாகவே திட்டித் தீர்த்தார். இங்கே ஒலிபரப்ப முடியாத வார்த்தையும் அதில் உண்டு. கோபத்துக்குள்ள இருந்த பாயின்ட் சரியானது: கெர்னல் என்பது ஒவ்வொரு போர்டின் விவரத்தையும் சேர்த்து வைக்கிற குடோன் இல்லை.

விடை புதுசாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் மிட்ச் பிராட்லி 1980-களின் கடைசியில் உருவாக்கிய ஓபன்பூட் என்ற ஃபர்ம்வேரில் ஏற்கெனவே இருந்தது. 1994-இல் அது ஐஇஇஇ 1275 என்ற தரமாகவும் ஆனது. அதில் டிவைஸ் ட்ரீ என்று ஒன்று: மெஷினில் உள்ள சாமான்களை மரம் போலக் கிளை கிளையாக விவரிக்கும் பட்டியல். பவர்பிசி லினக்ஸ் அதைச் சுருக்கி, ஃபர்ம்வேர் இல்லாமலேயே ஒரு தனி ஃபைலாகக் கொடுக்கும் முறையை 2005 வாக்கில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதே முறையை ஆர்முக்குக் கொண்டுவரும் வேலையில் கிரான்ட் லைக்லி முன்னணியில் நின்றார். வந்து சேரும் ஆர்ம் மாற்றங்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை ஆர்ன்ட் பெர்க்மன், ஓலோஃப் யோஹான்சன் போன்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2012 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.7-இல், வெவ்வேறு சிப் குடும்பங்களுக்கு ஒரே கெர்னலைக் கட்டும் வசதி வந்தது.

இப்போது பதிவேடு வாத்தியாரின் மண்டையை விட்டு வெளியே வந்து, ஒரு தாளாக மேசைமேல் உட்கார்ந்தது. டிடிபி என்ற சின்ன பைனரி ஃபைல்தான் அந்தத் தாள். பூட்லோடர் அதைக் கெர்னல் கையில் கொடுக்கும்.

அருமையான தீர்வு. ஆனா இன்னைக்கு நம்ம பிரச்சினை முளைக்கிறதும் இங்கதான். முன்னாடி கெர்னலும் பதிவேடும் ஒரே ஃபைல். பிரியவே முடியாது. இப்போது இரண்டு ஃபைல். இரண்டு ஃபைல் இருந்தால், ஒன்று புதுசாகவும் ஒன்று பழசாகவும் இருக்க வாய்ப்பு வந்துவிட்டது.

பில் யார் கட்டினது?

இந்த மாற்றத்துக்கான விலையை போர்டு வைத்திருந்த சாதாரண ஆட்கள்தான் கொடுத்தார்கள். இரண்டு சம்பவம் சொல்றேன்.

முதலாவது, 2013 ஏப்ரல். பீகிள்போன் பிளாக் 3.8 கெர்னலோடு வந்தது. அதுக்கு முந்தைய வெள்ளை பீகிள்போனில் இருந்தது 3.2. அந்தப் பழைய கெர்னலில் ஒரு பின்னின் வேலையை மாற்ற, சிஸ்டத்தில் இருக்கும் ஒரு ஃபைலில் ஒரு எண்ணை எழுதினால் போதும். ரோபோவில் இருந்து சென்சார் வரை எல்லா ஸ்கிரிப்ட்டும் அதை நம்பித்தான் இருந்தன. 3.8-இல் அந்த வழியே இல்லை. டிவைஸ் ட்ரீயின் மேல் போர்த்துகிற ஓவர்லே எழுத வேண்டும் என்றார்கள். எல்இடி மினுக்க வந்த பையன், கம்பைலர் தேடிப் போக வேண்டியதாயிற்று.

இரண்டாவது, 2015 ஜனவரி. ராஸ்பெர்ரி பையின் கெர்னல் 3.18-க்கு மாறியபோது டிவைஸ் ட்ரீ தானாகவே ஆன் ஆனது. வழக்கமான அப்டேட்தான். போர்டு எழுந்தது. ஆனால் ஐ2சியில் தொங்கிய சென்சார்கள், எஸ்பிஐ டிஸ்ப்ளேக்கள், சவுண்ட் கார்டுகள் எல்லாம் காணாமல் போயின. அவை இருக்கின்றன என்று யாரும் தாளில் எழுதவில்லை. எழுதாததைக் கெர்னல் நம்பவில்லை. கான்ஃபிக் ஃபைலில் ஐ2சியை ஆன் செய்ய ஒரு வரி, சவுண்ட் கார்டுக்கு ஓவர்லேயாக ஒரு வரி. சேர்த்ததும் எல்லாம் திரும்ப வந்தன. வன்பொருள் ஒரு நொடிகூடக் கெட்டுப்போகவில்லை.

சரி, இப்போ ரிப்பேர்

இந்தக் கதை தெரிஞ்சா, எழாத போர்டு முன்னாடி உட்காரும்போது கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: ரிலே ரேஸில் பேட்டன் யார் கையில் நின்றுபோச்சு?

ராஸ்பெர்ரி பையை எடுத்துக்குவோம். இதில் முதலில் எழுவது ஆர்ம் பிராசசரே இல்லை. 2012 பிப்ரவரி 29-இல் வந்த முதல் பையில் இருந்தது பிராட்காமின் பிசிஎம்2835. கரண்ட் கொடுத்ததும் அதில் விழிப்பது ஜிபியு. ஆர்ம் தூங்கிக்கொண்டிருக்கும். ஜிபியு, எஸ்டி கார்டின் ஃபேட் பார்ட்டிஷனில் இருந்து பூட்கோட் ஃபைலை எடுக்கும், பிறகு ஸ்டார்ட் ஃபைலை எடுக்கும். ஸ்டார்ட் ஃபைல் கான்ஃபிக்கைப் படித்து, அந்த மாடலுக்கான டிடிபியையும் கெர்னலையும் மெமரியில் வைத்து, கடைசியாக ஆர்மை எழுப்பும். பை 4-இல் பூட்கோடும், பை 5-இல் ஸ்டார்ட் ஃபைலின் வேலையும்கூட போர்டில் உள்ள ஈப்ராம் சிப்புக்குள் போய்விட்டன. வரிசை மட்டும் கிட்டத்தட்ட அதேதான்.

எங்கே நின்றது என்று போர்டே சொல்லும். பச்சை லைட் விட்டுவிட்டு நாலு தடவை மினுங்கினால் ஸ்டார்ட் ஃபைல் கிடைக்கவில்லை. ஏழு தடவை என்றால் கெர்னல் ஃபைல் கிடைக்கவில்லை. டிவியில் வானவில் கலரில் ஒரு சதுரம் வந்து அப்படியே நின்றால், ஜிபியு தன் வேலையை முடித்துவிட்டது, கெர்னல் எழவில்லை. சிவப்பு லைட்டும் அணைந்து அணைந்து எரிந்தால் கெர்னலைத் திட்டாதீங்க. வோல்டேஜ் 4.63-க்குக் கீழே விழுது, முதல்ல அடாப்டரையும் கேபிளையும் மாத்துங்க.

அதுக்கு மேல பார்க்கணும்னா சீரியல் கேபிள் வேணும். ரொம்ப விலை இல்ல. 3.3 வோல்ட் கேபிளா பார்த்து வாங்குங்க, 5 வோல்ட் கொடுத்தா பின் போயிடும். ஆறாவது பின் கிரவுண்ட், எட்டாவது போர்டு பேசுறது, பத்தாவது போர்டு கேக்குறது. கான்ஃபிக்ல யூஏஆர்டியை ஆன் பண்ணி, வேகம் 115200. மற்ற போர்டுகளில் யூ-பூட் என்ற பூட்லோடர் பேசுவதும் இதே கம்பியில்தான். ஜெர்மனியின் வுல்ஃப்காங் டெங்க், 2000-இல் பிபிசிபூட் என்ற பெயரில் தொடங்கிய புராஜெக்ட் அது. 2002-இல் யூ-பூட் ஆனது. அதில் "ஸ்டார்ட்டிங் கெர்னல்" என்று ஒரு வரி வந்து, அப்புறம் சுத்த மௌனம் என்றால் முதல் சந்தேகம் டிடிபி மேல். வாத்தியார் உள்ளே வந்துவிட்டார், கையில் வேறு வகுப்புத் தாள். பேசுகிற யூஏஆர்டி எங்கே இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை, அதனால் வாயையே திறக்க முடியவில்லை.

கெர்னல் பேசி, பிறகு ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் பண்ண முடியவில்லை என்று பேனிக் ஆனால், கடைசியில் அடைப்புக்குறிக்குள் வரும் இரண்டு எண்களைப் பாருங்க. 0,0 என்றால் கார்டையே அது பார்க்கவில்லை, அல்லது நீங்கள் சொன்ன பெயரில் எதுவும் இல்லை. 179,2 என்றால் கார்டின் இரண்டாவது பார்ட்டிஷன் தெரிகிறது, உள்ளே இருப்பதைப் படிக்க முடியவில்லை. முதலாவது பெயர்ப் பிரச்சினை, இரண்டாவது ஃபைல் சிஸ்டம் பிரச்சினை. சில போர்டுகளில் கார்டுக்கும் இஎம்எம்சிக்கும் கெர்னல் வைக்கும் எண் அப்டேட்டில் இடம் மாறிவிடும். நேற்று 0, இன்று 1. அதனால்தான் பெயருக்குப் பதில் பார்ட்யூயூஐடி போடச் சொல்கிறார்கள்.

இன்னொரு கேஸ் இருக்கு, எல்லாரையும் ஏமாத்துறது. ஜிபியுவுக்கு ஃபேட் பார்ட்டிஷன் மட்டும்தான் தெரியும். லினக்ஸ் அதை ஒரு ஃபோல்டரில் மவுண்ட் செய்து வைத்திருக்கும். ரொம்ப நாள் அது பூட் என்ற ஃபோல்டர். 2023 அக்டோபரில் புக்வோர்ம் வந்தபோது பூட்டுக்குள் ஃபர்ம்வேர் என்று மாறியது. ஏதோ காரணத்தால் அது மவுண்ட் ஆகாத நேரத்தில் அப்டேட் ஓடினால், புதுக் கெர்னல் வெறும் ஃபோல்டரில் போய் உட்காரும். மாட்யூல்கள் மட்டும் சரியான இடத்தில் புதுசாகும். ரீபூட் செய்தால் ஜிபியு பழைய கெர்னலை எடுக்கும். அந்தக் கெர்னல் தன் வெர்ஷன் பெயரில் மாட்யூல் ஃபோல்டரைத் தேடும். அது அழிக்கப்பட்டிருந்தால் வைஃபை டிரைவர் இல்லை. மானிட்டர் இல்லாமல் அலமாரி மேல் வைத்து எஸ்எஸ்எச்சில் மட்டும் பேசுகிறவருக்கு, போர்டு செத்த மாதிரியே தெரியும். உண்மையில் அது எழுந்து, உட்கார்ந்து, யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருக்கிறது. ஒரு எச்டிஎம்ஐ கேபிள் செருகினா கதை முடிஞ்சுது.

எந்தக் கேஸாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். கார்டைக் கழட்டி வேறு லினக்ஸ் மெஷினில் போட்டு, முழு கார்டையும் அப்படியே ஒரு இமேஜாக எடுத்து வைங்க. அதுக்கப்புறம் கை வைங்க. ஃபேட் பார்ட்டிஷனில் இடம் இருக்கிறதா பாருங்க. பழைய ராஸ்பியன் இமேஜ்களில் அது நூறு எம்பி கூட இருக்காது, நிரம்பினால் கெர்னல் பாதியில் நின்றிருக்கும். கமாண்ட் லைன் ஃபைல் ஒரே வரியில் இருக்கிறதா பாருங்க. கடைசியாக, கெர்னல், டிடிபி, ஓவர்லே, மாட்யூல் நாலும் ஒரே வெர்ஷனிலிருந்து வந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது வைத்தியம் ஆகாது, அடுத்த நோய்க்கு அழைப்பு.

அப்போ அப்டேட்டே பண்ணாம இருந்துட்டா?

நிறைய பேர் இந்த முடிவுக்கு வர்றாங்க. ஓடுற வண்டியை எதுக்கு நோண்டணும்னு. அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு.

2016 மே மாசம். ஆல்வின்னரின் எச்3, எச்8, ஏ83டி சிப்புகளுக்கு அந்தக் கம்பெனி கொடுத்திருந்த 3.4 கெர்னலில் ஒரு ஓட்டை வெளியே தெரிந்தது. குறிப்பிட்ட ஒரு ஃபைலில் "ரூட்மைடிவைஸ்" என்ற ஒரே வார்த்தையை எழுதினால், எந்த புரோகிராமுக்கும் ரூட் அதிகாரம் கிடைத்துவிடும். டீபக்கிங் செய்யும்போது வைத்து, எடுக்க மறந்த கதவு மாதிரி இருந்தது. விலை மலிவான எத்தனையோ போர்டுகள் அந்தக் கெர்னலில்தான் ஓடிக்கொண்டிருந்தன. லினக்ஸ் 3.4 வெளியானது 2012-இல். ஏன் நாலு வருஷமாக அதிலேயே நின்றார்கள்? அந்தக் கெர்னலின் பதிவேடு டிவைஸ் ட்ரீ இல்லை, ஆல்வின்னர் தானாக வைத்துக்கொண்ட ஃபெக்ஸ் என்ற தனி ஃபார்மட். மேலே இருக்கும் பொதுக் கெர்னலுக்கு அது புரியாது. கம்பெனி அடுத்த சிப்புக்குப் போய்விட்டது. லினக்ஸ்-சன்ஷி என்ற தன்னார்வலர் குழு, அந்த சிப்புகளை ஒவ்வொன்றாக டிவைஸ் ட்ரீக்குள் எழுதிப் பொதுக் கெர்னலில் சேர்த்தது. அவர்கள் எழுதிய போர்டுகள் இன்றும் புதுக் கெர்னலில் எழுகின்றன. யாரும் எழுதாதவை அந்த வருஷத்திலேயே உறைந்து நிற்கின்றன.

அதனால புதுசா போர்டு வாங்கும்போது ராம் எவ்வளவு, கோர் எத்தனைன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, பொதுக் கெர்னல்ல அதோட டிவைஸ் ட்ரீ இருக்கான்னு பாருங்க. காசு கொடுத்து வாங்கின பொருள் எவ்வளவு நாள் உங்களுடையதா இருக்கும்ங்கிறதை அந்த ஒரு ஃபைல்தான் முடிவு பண்ணுது.

இருக்கிற போர்டை அப்டேட் பண்றதா இருந்தா, திரும்பி வர ஒரு வழி வச்சுட்டுப் பண்ணுங்க. ஆர்ம்பியன்ல, அதன் செட்டிங்ஸ் கருவிக்குள்ள போய் கெர்னல் அப்டேட்டை மட்டும் நிறுத்தி வைக்கலாம். பையில "ட்ரைபூட்"னு ஒரு வசதி இருக்கு. புதுக் கான்ஃபிக்கை ஒரே ஒரு தடவை மட்டும் முயற்சி பண்ணும், எழலைன்னா அடுத்த ரீபூட்ல பழைய கான்ஃபிக்குக்கே போயிடும். தூரத்துல, ஏணி வச்சு ஏற வேண்டிய இடத்துல போர்டு மாட்டியிருக்கிறவங்களுக்கு இது பெரிய நிம்மதி.

டிராயர்ல "செத்துப்போச்சு"ன்னு போட்டு வச்ச போர்டு ஏதாவது இருந்தா, இந்த வாரக் கடைசியில வெளிய எடுங்க. பச்சை லைட் எத்தனை தடவை மினுங்குதுன்னு எண்ணிட்டு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.